எருமை மிதித்த உண்மை

உண்மை பேசுகிறவர்கள் ஓர் இனம். உண்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னோர் இனம். முதலாவது இனத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பிடித்தாலும் அவர்கள் அதிகம் பேசமாட்டார்கள், எழுதுவதற்கு ஒன்றும் தேறாது. ஆகவே, வாசகரே, இரண்டாவது இனத்தைப் பார்ப்போம். இவர்களை உங்களுக்குத் தெரியும். நீங்கள் வேலை பார்க்கும் கந்தோரில் உங்களுக்கு மேலே ஒருவர் உட்கார்ந்திருந்தால் நிச்சயம் தெரியும்.

"இன்றைய இளைஞர்களிடம் இல்லாதது என்ன?" என்று இவர் தொடங்குவார். உங்களுக்குப் பதில் தெரிந்திருந்தாலும் சொல்லக்கூடாது. அது அவர் சொல்ல வேண்டிய பதில். தொலைபேசி அடித்தால், தான் அறையில் இல்லையென்று சொல்லிவிடும்படி பியூனுக்குக் கைகாட்டிவிட்டு, வாய்மையின் மகிமையை விட்ட இடத்திலிருந்து பிடிப்பார். கந்தோர் ஜீப்பைச் சொந்த வேலைக்கு எடுப்பவர்களைக் கண்டால் இவருக்கு ஆகாது. அப்படி எடுத்த ஒருவரைப் பற்றி மனம் நொந்து பேசிக்கொண்டே, கந்தோர் ஜீப்பில் மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் இறக்குவார். இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது? அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிகிறதென்றால் உங்களிடம் ஏதோ குறை.

இந்த இனம் அரசாங்கக் கச்சேரியிலும் வளரும், கூட்டுறவுச் சங்கத்திலும் வளரும். ஆனால் இலையும் கொழுந்துமாகச் செழிப்பது ஆராய்ச்சி நிலையங்களில்தான். மற்ற இடங்களில் பொய் சொன்னால் அது பொய். அங்கே சொன்னால் அட்டவணை.

நமக்கு மாதிரியாகக் கிடைத்தவர் டொக்டர் இத்ரூஸ். மாத்தளையிலே பிறந்து, பேராதனையிலே படித்து, சீமையிலே பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவர். பலாபத்வல தாண்டி, யாழ்ப்பாண வீதியிலிருந்து உள்ளே ஏறும் மண் பாதையின் முடிவில், ஓட்டுக் கூரைக் கட்டடங்கள் நாலைந்தும், மிளகுக் கொடி படர்ந்த வேலியும், எப்போதும் பூட்டியே கிடக்கும் ஒரு நூலகமுமாக இருந்த ஆய்வு நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பதிகாரி. எழுபதுகளின் தொடக்கம் அது. நாடெங்கும் காய்ந்த செத்தல் மிளகாய்க்குத் தட்டுப்பாடு. வெளிநாட்டு மிளகாய் வருவது குறைந்துபோய், உள்ளூரிலேயே பயிரிட வேண்டும் என்று மேடைதோறும் முழங்கிக்கொண்டிருந்தார்கள். டொக்டர் இத்ரூஸும் சும்மா இருக்கவில்லை. பல வருஷம் பாடுபட்டு ஒரு புதிய மிளகாய் இனத்தை உருவாக்கினார். கடதாசியில் அதற்கு ஓர் எழுத்தும் இலக்கமும் பெயர். நிலையத்தில் எல்லாரும் அதை 'டொக்டரின் பிள்ளை' என்றார்கள். அவர் காதிலும் அது விழுந்தது. அவர் மறுக்கவில்லை.

ஆனால் அவர் பேர்போனது மிளகாயினால் அல்ல. புதிதாக வேலைக்கு வரும் இளம் விஞ்ஞானிகளுக்கு அவர் நடத்தும் 'ஆராய்ச்சி ஒழுக்கம்' என்ற வகுப்பினால்.

அந்த வகுப்பு ஒரு சடங்கு. முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். களிசான் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். துடைத்ததைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கரும்பலகையில் 'உண்மை' என்று மூன்று மொழியிலும் எழுதுவார். பிறகு திரும்பி, விஞ்ஞானி என்பவன் யார் என்று கேட்பார். ஒருவர் ஆராய்கிறவன் என்பார். இல்லை. இன்னொருவர் கண்டுபிடிக்கிறவன் என்பார். இல்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு அவரே சொல்வார்: தன் முடிவு தப்பென்று தெரிந்தால் அதைச் சபையில் எழுந்து சொல்கிறவன். சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். அதன் பிறகு, ஒட்டுச் செடி என்று காட்டுவதற்காக இலைக்குச் சாயம் பூசி மாட்டிக்கொண்ட ஓர் ஐரோப்பியப் பேராசிரியரின் கதை வரும். அந்தப் பேராசிரியர் ஒரு வருஷம் ஒல்லாந்துக்காரர். மறு வருஷம் சுவீடன்காரர். ஒருமுறை அவர் தற்கொலைகூடச் செய்துகொண்டார். வகுப்பு ஆங்கிலத்தில் தொடங்கும், உருக்கம் வந்தால் தமிழுக்கு மாறும், பகிடிக்குச் சிங்களத்தைத் தொட்டுக்கொள்ளும். முடிவில் குடிக்கப் பிளேன்டீயும் தின்னப் பணிஸும் உண்டு. பெரும்பாலானவர்கள் பணிஸுக்காகக் காத்திருப்பார்கள்.

அந்த வருஷம் வந்தவர்களில் ஒருத்தி மட்டும் வகுப்பை முழுக்கக் கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை, நம்பியும்விட்டாள். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

அவள் பெயர் சந்திரகாந்தா. அப்பா அழகமுத்து மாத்தளைக்கு மேலே ஒரு கொக்கோத் தோட்டத்தில் கிளாக்கர். இந்திய வம்சாவளி என்பதால் பிரசாவுரிமைக்கு மனுப்போட்டு, விசாரணைக்கு அலைந்து, திரும்ப மனுப்போட்டு, ஒருவழியாக அது கிடைத்த குடும்பம். அது கிடைத்திருக்காவிட்டால் அவள் எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் அரசாங்க வேலை என்ற பேச்சுக்கே இடமில்லை. நியமனம் வந்த அன்று அவளுடைய அம்மா முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போய், வேலை நிரந்தரமாகட்டும், பாற்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்துவிட்டு வந்தாள். ஏனென்றால் வேலை இன்னும் நிரந்தரமில்லை. முதல் சில வருஷம் பரீட்சார்த்தம். அதன் முடிவில், இவளை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று அறிக்கை எழுதுகிறவர் பொறுப்பதிகாரி. அதாவது டொக்டர் இத்ரூஸ். அதாவது, உண்மையைச் சபையில் எழுந்து சொல்லச் சொன்னவர்.

அவளோடு சேர்ந்து வேலைக்கு வந்தவன் பதுர்தீன். மாத்தளைக் கடைவீதியில் சாமான் கடை வைத்திருந்தவரின் மகன். கெட்டிக்காரன். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது சந்திரகாந்தாவின் முகம் பளபளப்பதைப் பார்த்து அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டொக்டர் சொல்றதெல்லாம் நல்லது, ஆனா அது வகுப்புக்குள்ளே பாவிக்கிற சாமான், வெளியே கொண்டு போகக்கூடாது என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தான். அவளுக்கு விளங்கவில்லை. உண்மையில் உள்ளே வெளியே என்று இரண்டு உண்டா என்று திருப்பிக் கேட்டாள். அவன் பேச்சைப் பணிஸுக்குத் திருப்பினான். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தச் சரக்கை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

அவர்களுடைய பரீட்சார்த்த காலத்தின் கடைசி வருஷத்தில் டொக்டரின் பிள்ளையை வில்கமுவவில் நட்டுப் பார்க்க முடிவாயிற்று. வில்கமுவ கிழக்கே, மகாவலி ஆற்றுப் பக்கம். பஸ் வந்தால் வரும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு அங்கே ஆளில்லை. பரிசோதனையை நடத்தும் பொறுப்பு சந்திரகாந்தாவுக்கு, உதவிக்குப் பதுர்தீன். ஏற்பாடு சுலபமானது: ஒரு பாதியில் டொக்டரின் புதிய இனம், மறு பாதியில் ஊரார் காலங்காலமாகப் போடும் பழைய இனம், எது கூடக் காய்க்கிறது என்று நிறுத்துப் பார்ப்பது. நிலத்தைக் கொடுத்தவள் ஸுலைஹா என்ற கைம்பெண். பஸ் தவறும் நாட்களில் சந்திரகாந்தா தங்கியது அவள் வீட்டில்தான். மூத்த சகோதரியைக் கூப்பிடுவதுபோல 'ராத்தா' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டாள். ராத்தா தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் கொடுப்பாள், பழைய விதையைச் சாம்பலில் புரட்டிச் சட்டியில் கட்டி வைத்திருப்பதைக் காட்டுவாள், டொக்டரின் புதிய செடியைக் காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வடிவான செடி என்பாள்.

வேலிக்குக் கம்பி வந்தபோது அது ஒரு பக்கத்துக்குத்தான் போதுமாக இருந்தது. எந்தப் பக்கத்துக்கு அடிப்பது என்று நிலையத்துக்குக் கேட்டு அனுப்பினார்கள். புதிய இனத்துக்கு அடியுங்கள் என்று பதில் வந்தது. அதில் தப்பென்ன? எந்தத் தகப்பனும் முதலில் தன் பிள்ளைக்குத்தான் குடை பிடிப்பான்.

காய் பழுத்து முதல் பறிப்புக்கு நாள் குறித்திருந்த நேரத்தில், எருமைக் கூட்டமொன்று வாய்க்காலுக்கு இறங்கும் குறுக்கு வழியாக வேலியில்லாத பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. எருமைகளுக்கு ஆராய்ச்சி ஒழுக்க வகுப்பு கிடையாது. நடந்தன, நின்றன, படுத்தன, புரண்டன, எழுந்து போயின. காலையில் சந்திரகாந்தா வந்து பார்த்தபோது பழைய இனத்தில் பாதிக்கு மேல் சேற்றோடு சேறாகக் கிடந்தது. மிச்சமிருந்ததைப் பறித்து நிறுத்தார்கள். மறு பக்கத்தையும் பறித்து நிறுத்தார்கள். புதிய இனம் பழையதைவிட இரண்டு மடங்கு காய்த்திருந்தது!

சந்திரகாந்தா அறிக்கையில் இரண்டு நிறையையும் எழுதினாள். கீழே எருமையையும் எழுதினாள்.

அதைப் படித்த டொக்டர் அவளை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். கோபிக்கவில்லை. இந்த இனத்தார் கோபிக்கமாட்டார்கள், மனம் நோவார்கள். கதிரையில் உட்காரச் சொன்னார். தேத்தண்ணி வரவழைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மகள், நிறுத்ததுல ஏதாச்சும் பிழை ஈக்கிதா?"

"இல்லைங்க சேர்."

"எண்ணை மாத்தினீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப எண் உண்மை. உண்மைக்குக் கீழ என்னத்துக்கு எருமை?"

சந்திரகாந்தா விளக்கினாள். எருமை மிதித்திருக்காவிட்டால் பழைய இனமும் அதேயளவு காய்த்திருக்கலாம், ஆகையால் இரண்டு மடங்கு என்பது செடியின் கணக்கல்ல, வேலியின் கணக்கு என்றாள். டொக்டர் பொறுமையாகத் தலையாட்டினார். காய்த்திருக்கலாம் என்பது ஊகம், விஞ்ஞானி ஊகத்தை எழுதலாமா என்று கேட்டார். அச்சடித்த அறிக்கைப் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து, மழைக்கு இடம் இருக்கிறது, பசளைக்கு இடம் இருக்கிறது, பூச்சிக்கு இடம் இருக்கிறது, எருமைக்கு எங்கே இடம் இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம் என்றார். ஒரு பொய்யும் எழுதச் சொல்லாமல், ஓர் எண்ணையும் தொடாமல், ஒரே ஒரு மிருகத்தை மட்டும் வெளியே விடச் சொன்ன அந்த நேர்த்தியை நாம் மெச்சத்தான் வேண்டும். சாயம் பூசிய ஐரோப்பியப் பேராசிரியர் இவரிடம் வந்து படித்திருந்தால் மாட்டிக்கொண்டிருக்கமாட்டார்.

பேச்சோடு பேச்சாக, அவளுடைய நிரந்தர நியமனத்துக்கான அறிக்கை அடுத்த மாதம் எழுத வேண்டியிருப்பதையும் டொக்டர் குறிப்பிட்டார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. சும்மா ஞாபகம் வந்தது.

அறிக்கை திரும்பத் தட்டச்சாகி வந்தபோது எருமை அதில் இல்லை. சந்திரகாந்தா அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். அழகமுத்து தோட்டத்தில் துரைமார் சொன்ன கணக்கையெல்லாம் எழுதியவர். எதை எழுதினோம் எதை விட்டோம் என்று நினைவு வைத்துக்கொள்ளாமல் இருக்கவும் பழகியவர். பெரிய மனுசர் சொன்னா ஒரு காரணம் இருக்கும், நமக்கு இருக்கிறது ஒரே வேலை என்றார். சொன்ன பிறகு அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அவர் பயப்படுகிறார் என்பது அவளுக்கு விளங்கியது. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

பிறகு விழா. வில்கமுவப் பள்ளிக்கூடத்து மரநிழலில் பந்தல் போட்டு, கொழும்பிலிருந்து, நிலையங்களுக்கெல்லாம் மேலதிகாரியான பணிப்பாளரை வரவழைத்திருந்தார்கள். முன்வரிசையில் பெரியவர்கள், பின்னால் விவசாயிகள், ஓரத்தில் புதிய விதைப் பொட்டலங்கள் அடுக்கிய மேசை. விதை கடனுக்கு, அறுவடைக்குப் பிறகு அடைத்தால் போதும். கிராம முன்னேற்றச் சங்கத் தலைவர் மாலை போட்டார். டொக்டர் இத்ரூஸ் பேசினார். மிளகாயைப் பற்றிக் கொஞ்சமும் உண்மையைப் பற்றி நிறையவும் பேசினார். நிலையத்தில் இளம் விஞ்ஞானிகளுக்குத் தாம் முதலில் கற்பிப்பது நேர்மையை, பிறகுதான் விஞ்ஞானத்தை என்றார். பணிப்பாளர் தலையசைத்தார். அந்த நேர்மையின் ஓர் எடுத்துக்காட்டாக, மகசூல் விபரத்தை வாசிக்கும்படி டொக்டர் சந்திரகாந்தாவை அழைத்தார்.

அவள் எழுந்து வாசித்தாள். இரண்டு மடங்கு என்றதும் கைதட்டல். வாசித்து முடிந்தது. உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்திருப்பாள். ஆனால் பின்னாலிருந்து ஸுலைஹா எழுந்து நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சபையைப் பார்க்காமல் அவளை மட்டும் பார்த்துக் கேட்டாள்:

"அப்ப என்டெ பழைய விதைய வெச்சிக்கிறவா மகள், கோழிக்குப் போட்டுடவா?"

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அறிந்தவளிடம் கேட்கிறாள், அவ்வளவுதான். எருமை மிதித்ததை அவளும் பார்த்தவள்தான். ஆனால் படித்த பிள்ளைகள் அதையெல்லாம் கழித்துத்தான் கணக்குப் பார்த்திருப்பார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். சந்திரகாந்தாவுக்கு உள்ளங்கை வேர்த்தது. டொக்டரைப் பார்த்தாள், அவர் மேலே பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதுர்தீனைப் பார்த்தாள், அவன் கண்ணாலேயே கெஞ்சினான். அந்தச் சட்டியில் இருப்பது ராத்தாவின் அடுத்த போகம் முழுவதும். கோழி தின்றுவிட்டால் தின்றதுதான்.

"வெச்சிருங்க ராத்தா," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னாள். "வெச்சிருங்க. பழைய செடியில பாதிய எருமை மிதிச்சிருச்சு. அதுனால எது கூடக் காய்க்கும்னு எங்களுக்கு இன்னும் தெரியாதுங்க."

பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னாள். எல்லாரும் டொக்டரைப் பார்ப்பார்கள் என்று அவள் நினைத்தாள். யாரும் பார்க்கவில்லை. விவசாயிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறொரு விஷயத்தைப் பேசத் தொடங்கிவிட்டார்கள்: எருமை யாருடையது? ஒருவர் என் வெங்காயப் பாத்தியையும் அதே கூட்டம்தான் மிதித்தது என்றார். இன்னொருவர் என் வேலி என்றார். விரல்கள் ஒவ்வொன்றாக நீண்டு, கடைசியில் எல்லாம் சேர்ந்து நின்ற இடம் முன்வரிசை. பணிப்பாளருக்கு மாலை போட்ட சங்கத் தலைவர், தமக்கு எத்தனை எருமை உண்டு என்பதே தமக்குச் சரியாகத் தெரியாது என்று எழுந்து விளக்கம் சொல்லத் தொடங்கினார். பணிப்பாளர் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரித்தார் என்று சொன்னால் மரியாதைக் குறைவு.

சிரித்து முடித்து அவர் தீர்ப்புச் சொன்னார். விதைப் பொட்டலம் இந்தப் போகத்துக்கு வேண்டாம். இரு பக்கமும் வேலி அடித்துத் திரும்பப் போட்டுப் பார்க்கட்டும்.

வாசகரே, இப்போது டொக்டர் இத்ரூஸ் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? வெட்கப்பட்டாரா? கோபத்தில் எழுந்து போனாரா? உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை. அவர் எழுந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், நிதானமாகச் சபையைப் பார்த்தார்.

"இதைத்தான் நான் கற்பிக்கிறேன்," என்றார்.

கைதட்டல் முன்னதைவிடப் பலமாக இருந்தது. பணிப்பாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படி மாணவர்களை உருவாக்குவது சாமானியமல்ல என்றார். டொக்டர் தாழ்மையோடு தலைகுனிந்தார். அது நடிப்பென்று நினைத்துவிடாதீர்கள். கைதட்டல் அடங்குவதற்குள் அவர் அதை முழுமனதாக நம்பியிருந்தார்.

திரும்பும் வழியில் ஜீப் பலாபத்வல வரும்போது, எருமையை முதலில் கவனித்தது யார் என்று டொக்டர் பொதுவாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் தானே யோசிக்கத் தொடங்கினார்.

மறு மாதம் சந்திரகாந்தாவின் அறிக்கை போயிற்று. 'மிகவும் நேர்மையானவர். கூட்டாக வேலை செய்யும் பக்குவம் இன்னும் வர வேண்டும்.' பரீட்சார்த்த காலம் இன்னும் ஒரு வருஷம் நீண்டது. அந்த ஒரு வருஷமும் வில்கமுவவில்தான், பரிசோதனையைத் திரும்ப நடத்த. நடத்தச் சொன்னது பணிப்பாளரல்லவா, யார் மறுக்க முடியும்? அம்மா பாற்குடத்தைத் தள்ளிப்போட்டாள். அழகமுத்து மகளைப் பஸ் ஏற்ற மாத்தளைக்கு வந்தார். டிரங்குப் பெட்டியைத் தானே மேலே ஏற்றிக் கட்டினார். பஸ் புறப்படும்போது, "நீ சொன்னது சரிதாம்மா. ஆனா நான் சொல்லியிருக்கமாட்டேன்," என்றார். அவள் அழுததெல்லாம் அதற்குத்தான்.

அந்த வருஷம் அவள் காய்ச்சலில் கிடந்தாள், உருகிப்போனாள், இரு பக்கமும் வேலி அடித்தாள், எருமைக்காரர் வீட்டாரின் முறைப்பையும் வாங்கிக்கொண்டாள். சாயங்காலங்களில் ராத்தாவின் வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றாள். முடிவு என்ன தெரியுமா? புதிய இனம் பழையதைவிடக் கூடத்தான் காய்த்தது. கொஞ்சம். தண்ணீர் ஒழுங்காகக் கிடைத்தால் அந்தக் கொஞ்சம். கிடைக்காவிட்டால் இரண்டும் ஒன்று. சந்திரகாந்தா அதை அப்படியே எழுதினாள். டொக்டர் இத்ரூஸின் பெயர் முதலாவதாகவும் அவள் பெயர் இரண்டாவதாகவும் அச்சில் வந்தது. ஸுலைஹா வாய்க்கால் ஓரத்தில் புதியதையும் மேட்டில் பழையதையும் போட்டாள். கோழிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சந்திரகாந்தா நிலையத்துக்குத் திரும்பிய வாரத்தில் புதிய தொகுதி இளம் விஞ்ஞானிகள் வந்திருந்தார்கள். ஒழுக்க வகுப்பில் அவளையும் பதுர்தீனையும் பின் வரிசை வாங்கில் உட்காரச் சொன்னார்கள். கடிகாரம் மேசைக்கு வந்தது. கரும்பலகையில் உண்மை மூன்று மொழியிலும் ஏறியது. ஆனால் ஐரோப்பியப் பேராசிரியர் வரவில்லை. அவர் இடத்தில் வில்கமுவ வந்தது. விடியற்காலையில் வயலுக்குப் போய்ச் சேற்றில் குளம்புத் தடத்தைக் கண்டது டொக்டர். இதை மறைக்கக்கூடாது என்று முடிவெடுத்தது டொக்டர். சபையில் எழுந்து சொல்ல ஓர் இளம் உத்தியோகத்தருக்குத் தைரியம் ஊட்டியதும் டொக்டர். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர் பின் வாங்கைக் கண்டு, அன்போடு சிரித்தார்.

"அப்படித்தானே, மிஸ்?"

எல்லாத் தலைகளும் திரும்பின. அவளுடைய இரண்டாவது அறிக்கை அப்போது டொக்டரின் மேசையில், கையெழுத்துக்காகக் கிடந்தது. பதுர்தீன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான்.

"எருமை மிதிச்சது சரிங்க சேர்," என்றாள் சந்திரகாந்தா. "மத்ததெல்லாம் எனக்கு ஞாபகமில்லை."

வகுப்பில் ஒருவன் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினான். டொக்டர் அவளையே பார்த்தார். அவர் முகத்தில் அந்த ஒரு கணம் என்ன ஓடியது என்று அவளால் பிறகும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வலித்தது போலத்தான் இருந்தது. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, பிள்ளைகள் பக்கம் திரும்பி, ஞாபகமில்லாததை ஞாபகமில்லை என்று சொல்வதுதான் ஆராய்ச்சி ஒழுக்கத்தின் இரண்டாம் பாடம் என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். கையெழுத்தும் அந்த வாரமே விழுந்தது. முத்துமாரியம்மனுக்குப் பாற்குடம் போயிற்று.

கதையை இங்கே நிறுத்தினால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் நிறுத்துவது நேர்மையாகாது.

எழுபதுகள் முடிவதற்குள் டொக்டர் இத்ரூஸ் பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். ஒழுக்க வகுப்பு சந்திரகாந்தாவின் கைக்கு வந்தது. அவளிடம் சடங்கில்லை, கடிகாரமில்லை. நேராக வில்கமுவவுக்குப் போவாள். முதல் வருஷம் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். பிள்ளைகள் பணிஸை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் ஸுலைஹா சபையில் எழுந்தபோது கண் கலங்கியிருந்தாள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த வருஷம் சந்திரகாந்தாவின் உள்ளங்கை வேர்க்கவில்லை, குரலும் நடுங்கவில்லை, கணீரென்று பேசினாள். அப்புறம் ஒரு வருஷம் எருமைகளோடு ஒரு யானையும் வந்தது.

தேத்தண்ணிக்குப் போகும் வழியில் பதுர்தீன் மெதுவாக, குறைசொல்லும் குரலில் அல்ல, அறிந்துகொள்ளும் குரலில் கேட்டான்: யானை எப்ப வந்திச்சு? அவள் நின்றாள். முகம் சிவந்தது. யானை வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் வகுப்பில் சொல்லும்போது அது வந்ததைப் பார்த்ததுபோலவே இருந்தது என்றாள். பாடத்துக்குக் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று தொடங்கியதுதான் என்றாள். பிறகு சிரித்தாள், சிரிப்பு நடுவிலே நின்றுபோயிற்று. மறு வகுப்பில் யானையை விட்டுவிட்டாள். பிள்ளைகளில் பாதிப்பேர் தூங்கினார்கள். அவள் தாங்கிக்கொண்டாள், இந்த இனத்தில் சேர்ந்தும் சேராமலும் வாழ்வதற்கு அது ஒன்றுதான் வழி போலிருக்கிறது.

நீங்கள் இதுவரை படித்தபோது ஒரு முகம் உங்கள் மனதில் வந்து போயிருக்கும். உங்கள் பொறுப்பதிகாரி, அல்லது மாமனார், அல்லது பள்ளிக்கூடத்து அதிபர். இதைக் கத்தரித்து எடுத்து, பெயர் போடாமல், அவருக்குத் தபாலில் அனுப்பினால் என்ன என்றுகூட யோசித்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி: இதை எங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? கந்தோரிலா, கந்தோர் நேரத்திலா? அப்படியானால் வராந்தாவில் சப்பாத்துச் சத்தம் கேட்கிறது, கவனியுங்கள். எந்தக் கோப்புக்கு அடியில் இதைத் தள்ளப்போகிறீர்கள் என்று முடிவுசெய்துவிட்டீர்களா? கை தானாகவே போகிறதல்லவா?